பந்தயத்தின் ஓய்வு நாள்

சாயங்கால மழையில் தாமுவே சந்தை முனையில் சவாரி எதுவும் கிடைக்கவில்லை. சைக்காக்காரர்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு முகைதீன் பாயின் லபேயே தேநீர்க் கடையில் ஒதுங்கி ஆளுக்கொரு கோப்பை குடித்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் பிரான்சு தேசத்து சைக்கிள் பந்தயம். மூன்று வாரம் ஓடுகிறது. தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிகிறது. சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை கட்டி ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்?

நல்லையா வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பார்த்தார். மலையேற்றத்தில் மஞ்சள் சட்டைக்காரன் முன்னால் பறந்தான். வரிசையில் இளவட்டமான ஜாபர் அவன் கட்சி. நல்லையாவுக்குப் பிடித்தவன் ஊதாச் சட்டைக்காரன். அணித் தலைவனுக்குத் தண்ணீர் போத்தல் சுமந்து கொடுத்தே பின்தங்கிப் போய், பட்டியலில் கடைசிப் பெயராக வருகிறவன்.

"அவன் காலைப் பாருங்கண்ணே. தேக்குக் கட்டை" என்றான் ஜாபர்.

"பின்னாடியே காருல சக்கரத்தோட ஆள் வர்றான். எனக்கும் அப்படி வந்தா நானுந்தான் பறப்பேன்."

ஜாபரின் கால்களும் தேக்குக் கட்டைதான். லுங்கிக்குக் கீழே அவை தெரியும்போதெல்லாம் நல்லையாவுக்கு வயிறெரியும். இந்த வயதில் எரியக் கூடாதுதான். எரிந்தது, என்ன செய்ய?

நல்லையாவிடம் இருந்த ஒரே பிடிமானம் சாயிமா அக்காவின் சவாரி. விடிவதற்குள் அவள் விற்கிற மொஹிங்கா மீன்குழம்புப் பானையோடும் முக்காலிகளோடும் அவளைச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தினசரிச் சவாரி வைத்திருக்கிறவனின் வண்டிதான் வரிசையில் முதலில் நிற்கும். அது முனையின் வழக்கம். வழியில் போகிற சவாரியும் முதல் வண்டிக்குத்தானே வரும்? அந்த இடத்தின்மேல் ஜாபர் கண் வைத்திருக்கிறான் என்று நல்லையா முடிவே கட்டியிருந்தார்.

"நாளைக்குப் பந்தயம் கெடையாது. ஓய்வு நாள்" என்றார் பாய்.

"பந்தயத்துல என்ன பாய் ஓய்வு?" என்றார் நல்லையா.

"காலை நீட்டிப் படுப்பாங்க. பிடிச்சுவிட ஆள் இருக்கு. சாப்பாடு, சம்பளம் எல்லாம் உண்டு."

"அந்த நேரத்துல வேற எவனும் அவன் எடத்தைப் பிடிச்சுக்க மாட்டானா?"

"அது எப்படி? மறுநாள் விட்ட எடத்துலேருந்துதான்."

கடைசியில் வருகிற அந்த ஊதாச் சட்டைப் பயல்மேலேயே நல்லையாவுக்குப் பொறாமை வந்துவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது ஜாபரைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் சாயிமாக்காவை நீ ஏத்து. முழங்கால் வீங்கிக் கெடக்கு."

உடம்பு முடியாதவனின் சவாரியை வாங்கி ஓட்டினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் வழக்கம்தான். "சரிண்ணே" என்றான் ஜாபர். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டானோ என்று நல்லையாவுக்குப் பட்டது.

மறுநாள் சாந்தகுமாரி எண்ணெயைச் சுடவைத்துப் புருஷனின் காலில் தேய்த்தாள். "ராசா மாதிரிப் படுத்திருக்கீங்க."

"பிரான்சுலயும் இன்னிக்கு எல்லாரும் படுத்துத்தான் கெடக்கானுங்க."

படுத்தாரே தவிர, சந்தில் கேட்ட மணியெல்லாம் ஜாபரின் மணியாகவே இருந்தது.

அதற்கு அடுத்த விடியலில் கணுக்கால் தண்ணீரில் சைக்காவை மிதித்துக்கொண்டு போனார். சாயிமா அக்காவின் வாசலில் ஜாபரின் வண்டி நின்றது. பானை ஏறியிருந்தது.

"ஏண்டா, ஒரு நாள்னுதானே சொன்னேன்?"

ஜாபரின் முகம் செத்துப்போயிற்று. "திருப்பிக் குடுக்கத்தான்ணே வந்தேன். அக்காதான் ஏத்திட்டாங்க." பானையை இறக்கக் கையும் வைத்துவிட்டான்.

"இறக்காதே" என்றாள் சாயிமா. பிறகு நல்லையாவின் பக்கம் திரும்பினாள். "நேத்து எல்லாருக்கும் முந்திக் கடை போட்டேன் தம்பி. பானை காலி. நீங்க நல்லா ஓய்வெடுங்க. காலைக் கெடுத்துக்காதீங்க."

பாசமாகத்தான் சொன்னாள். நல்லையா வண்டியைத் திருப்பினார்.

அன்று சாயங்காலமும் மழை. வரிசையில் ஜாபரின் சைக்கா முதலில் நின்றது. நல்லையாவின் வண்டி கடைசியில் நனைந்தது. ஜாபர் ஒரு கோப்பைத் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"நானா கேக்கலண்ணே."

"தெரியும்டா" என்றார். தெரிந்தும் எரிந்தது. தேநீர் ஆடை கட்டும் வரை அதைத் தொடவில்லை.

டிவியில் பெயர்கள் மேலிருந்து கீழே ஓடின. கடைசிப் பெயர் அதே பெயர். ஊதாச் சட்டைக்காரன் எண்ணெய் மின்னும் தொடைகளோடு சிரித்துக்கொண்டு நின்றான். அவன் இடத்தை எவனும் தொடவில்லை.

வெளியே ஓர் அம்மாள் குடையும் கூடையுமாக வந்து முதல் வண்டியின் மணியை அடித்தாள். நல்லையா பழக்கத்தில் எழுந்து வாசல்வரை போய்விட்டார். பிறகு நின்று, சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஜாபருக்கு வழிவிட்டார்.