மூன்றாவது சுற்றுக்கு முன்

அந்த வீட்டு வாசல் கதவின் பூட்டுக்கு மூன்று சுற்று. சாவியை நுழைத்து மூன்று முறை முழுதாகத் திருப்பினால்தான் திறக்கும். அது பூட்டின் குணம்தானே என்று நினைப்பவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். மூன்று சுற்றும் சடசடவென்று விழுந்தால் அப்பா நல்ல மனநிலையில் வருகிறார். நடுவில் இடைவெளி விழுந்தால் வேலை செய்யும் கிடங்கில் மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார், வாங்கியதை வீட்டில் இறக்கிவைக்கப் போகிறார் என்று அர்த்தம். அம்மாவும் மகளும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலேயே இரண்டு பேருக்கும் அத்துப்படி.

மகள் கல்லூரியில் படம் எடுக்கப் படித்தாள். அம்மா அவளுக்கு டைரக்டரம்மா என்று பட்டம் கட்டியிருந்தாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம், படம் எடுத்தவளுக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.

கடைசி வருடப் பாடத்துக்கு ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தேர்வாளர் முன்னால் நின்று அதை மதிப்பிட்டுப் பேச வேண்டும். திகில் படத்துக்கென்று இருக்கும் மரபுகளை எப்படிக் கையாண்டாய், காட்சிக்கு என்ன பாணி, படத்தை யாரிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பாய் என்று மூன்று பகுதி. டைரக்டரம்மா எழுதிய கதை ரொம்பச் சின்னது. வீட்டில் ஒரு பெண் தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே யாரோ சாவி போடுகிறார்கள். சாவி போட வேண்டிய யாரும் அவளுக்கு இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணாக நடிக்க அம்மாதான் கிடைத்தாள். பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்காரும் வேலை அவளுக்கு, அன்றைக்கு விடுமுறை. கதவுக்கு வெளியே நின்று சாவி திருப்ப 'மைக்' வந்திருந்தான். ஒலிப்பதிவு செய்யும் வகுப்புத் தோழன், அந்தப் பெயரே அவனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அம்மாவுக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வரவில்லை. மைக் சாவி திருப்பியதும் கண்ணை உருட்டினாள், நெஞ்சில் கை வைத்தாள், பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஒரு தடவை டைரக்டரம்மா கட் சொல்ல மறந்துவிட்டாள். அம்மா கையில் பாதி வெங்காயத்தோடு சிலை போல நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா, இன்னும் அப்படியே நிக்கிற?"

"நீ கட் சொல்லலையே. நீ சொல்ற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன். எனக்கும் தொழில் பக்தி இருக்குடி."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று டைரக்டரம்மாவுக்கே தெரியவில்லை.

பேட்டரி தீரப்போகிறது என்று மைக் கடைக்குப் போனான். டைரக்டரம்மா டீ போட அடுப்படிக்குள் போனாள். கேமராவை அணைக்கவில்லை. அப்பா வழக்கமாக வரும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே, அறிவிப்பில்லாமல் அன்றைக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே மைக் படியேறி வந்ததால் அன்று எதுவும் நடக்கவில்லை. வெளி ஆள் முன்னால் அப்பாவைப் போலக் கலகலப்பான மனிதர் கிடையாது. மைக்கின் தோளில் தட்டி, "வில்லன் வேஷத்துக்கு ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடுங்கப்பா" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் டைரக்டரம்மா அந்தத் துண்டைப் பார்த்தாள்.

அம்மா மேசையில் வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். முதல் சுற்று. கை நிற்கிறது. நீண்ட இடைவெளி. இரண்டாவது சுற்று. பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அம்மா அணைக்கிறாள், தோல்களை மூலைக்கு ஒதுக்குகிறாள், நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுகிறாள். மூன்றாவது சுற்று விழுவதற்கு முன்னால், கதவைப் பார்த்து, ஒரு சிரிப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிறாள். எடுத்து வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை.

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டோம் என்று டைரக்டரம்மாவுக்குத் தோன்றியது. அடுத்த நொடியே, அடடா, என்ன ஷாட் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மனதில்தான் தோன்றின, படம் எடுக்கிறவர்கள் புத்தி அப்படி. மற்ற காட்சிகள் எல்லாம் சவசவ என்று இருந்தன. இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா தன் முகத்தை முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"இதுக்கு மார்க் வருமா?"

"வரும்மா."

"அப்ப வச்சுக்கோ. உங்கப்பா கண்ணுல மட்டும் படக் கூடாது. சத்தியம் பண்ணு."

அப்பாவுக்கு வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். முன்பு ஒரு முறை அம்மா தன் தங்கையிடம் லேசாக வாய்விட்டாள். அதற்குப் பிறகு சித்தி இந்த வீட்டுப் படி ஏறவில்லை, அம்மா பல நாள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். டைரக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

மதிப்பீட்டு நாளில் வகுப்பு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. முகமூடி, சொட்டும் குழாய், அணைந்து அணைந்து எரியும் விளக்கு, வாளி வாளியாகச் சிவப்புச் சாயம். ஒரு கொலைகாரன் காலைத் தூக்கி வைத்தபோது ஷூவின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு தெரிந்தது, வகுப்பே கொல்லென்று சிரித்தது. டைரக்டரம்மாவின் படம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். பழைய ஆள், நல்ல மனிதர். இந்தக் கதையில் நல்ல மனிதர்களால்தான் கேடு.

"பொதுவா இந்த மாதிரி படத்துல கத்துவாங்க, ஓடுவாங்க, இல்ல கத்தியைக் கையில எடுப்பாங்க. கத்தி மேசையிலேயே இருக்கு, இந்தம்மா அதைத் தொடக்கூட இல்ல. முடியைச் சரிபண்ணிட்டு சிரிக்கிறாங்க. எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சும்மா. எப்படி யோசிச்ச?"

"மரபை உடைக்கணும்னு நினைச்சேன் சார்."

"கேமரா கதவுப் பக்கமா சாஞ்சிருக்கு. வீடே அந்தப் பக்கம் சரியற மாதிரி."

"வேணும்னே வச்சது சார்." கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் பூட்டிக்கொள்ளாது, அது தானாகச் சரிந்தது. பாதி முகம் இருட்டில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்தப் பக்கத்து பல்பு போய் எத்தனையோ நாளாகிறது. அப்பா மாற்றுவதாகச் சொன்ன பொருளை வேறு யாரும் மாற்றிவிட முடியாது.

"இதெல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது ஒரு சத்தம்" என்றார் தேர்வாளர். "அந்த ஷாட்ல உள்ளேயிருந்து ஒரு ஸ்பூன் சத்தம் வருது. யாரோ டீ கலக்கற மாதிரி. முதல் சுற்று விழுந்த உடனே அந்தச் சத்தமும் நின்னுடுது. அப்ப வீட்டுக்குள்ள இன்னொரு ஆளும் இருக்கு. அந்த ஆளுக்கும் பயம். ஒரு முகம்கூடக் காட்டாம இதைச் சொல்லிட்டியே!"

 அந்தச் சத்தத்தை டைரக்டரம்மா கவனித்ததே இல்லை. அத்தனை முறை போட்டுப் பார்த்து வெட்டியவள், அம்மாவின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தாள். படத்தில் பயந்தவர்கள் இரண்டு பேர், இரண்டாவது ஆள் தான்தான் என்பதை யாரோ ஒருவர் வகுப்பில் வைத்துப் பாராட்டித்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாவது பகுதி வந்தது. "யாருக்குக் காட்டப் போற? எப்படி வெளியிடப் போற?"

"வெளியிடலை சார். இந்த ரூமுக்குள்ளதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்பு மேடம் குறுக்கிட்டார். "அந்தப் பகுதிக்கு முட்டைதான் போடுவேன், சொல்லிட்டேன். படம் எடுத்துப் பெட்டியில பூட்டி வைக்கவா இவ்வளவு பாடுபட்ட?"

"பரவாயில்லை மேடம். போட்டுக்கோங்க."

அதோடு தப்பித்தோம் என்று நினைத்தாள். அந்த வார இறுதியில் மேடத்திடமிருந்து செய்தி வந்தது. தேர்வாளர் விடவே இல்லையாம், இவ்வளவு நல்ல பிள்ளை கூச்சத்தில் மார்க்கை இழக்கக் கூடாதாம். துறையின் இணையப் பக்கத்தில் மேடமே படத்தை ஏற்றிவிட்டார். கீழே அம்மாவின் பெயரையும் போட்டிருந்தார். மூன்றாவது பகுதிக்கும் முழு மார்க். கூடவே கைதட்டும் எமோஜி ஒன்று.

டைரக்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"எடுத்துடுங்க மேடம், ப்ளீஸ்."

"எதுக்கு? எல்லாரும் பாக்கறாங்க, பகிர்ந்துக்கறாங்க."

எதற்கு என்று அவள் என்ன சொல்வாள்? சொன்னால் அதுவும் வெளியே போவதுதானே. "அம்மாவுக்குக் கூச்சமா இருக்கு மேடம்" என்றாள்.

"உங்கம்மாவா? பெரிய பெரிய நடிகையெல்லாம் பிச்சை வாங்கணும்! சரி, திங்கட்கிழமை பாக்கலாம்."

அம்மா வேலை முடிந்து வந்ததும் அவளிடம் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"என் பேரு போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க."

"நிறைய பேர் பாத்தாங்களா? நல்லாயிருக்குன்னு சொன்னாங்களா?"

"எல்லாரும் சொன்னாங்கம்மா."

அம்மாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. அதைப் பார்த்ததற்காகவே டைரக்டரம்மாவுக்கு இன்னும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது கதவில் சாவி திரும்பியது. சடசடவென்று மூன்று சுற்று.

அப்பா வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். கிடங்கில் யாரோ அவருக்குப் படத்தை அனுப்பியிருந்தார்கள். மேலாளரே கூப்பிட்டு, உன் வீட்டுக்காரி பெரிய நடிகையாமே என்று கேட்டாராம். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்துவைத்து, படத்தைப் போட்டார்.

"என்னமா நடிச்சிருக்கா பாரு! அப்படியே நெஜம் மாதிரி! வெளிய நிக்கிறது யாரு, அந்த மைக் பயலா?"

நீங்கதான் என்று சொல்ல டைரக்டரம்மாவின் தொண்டை வரை வந்தது. வகுப்பில் மரபை உடைத்தவள் இங்கே வாயைத் திறக்கவில்லை.

"ஆமாங்க, அந்தப் பையன்தான்" என்றாள் அம்மா.

அப்பா மறுபடி போட்டார். இரண்டாவது தடவையும் சிரித்தார். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. படத்தில் அம்மாவின் கைக்குப் பக்கத்தில் கிடந்த பாதி உரித்த வெங்காயத்தைப் பார்த்தார், அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையைப் பார்த்தார். தான் சீக்கிரம் வந்த அந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. டைரக்டரம்மா காத்திருந்தாள். இப்போது கத்துவார், போனைத் தூக்கி எறிவார். ஒருவேளை, ஒருவேளைதான், வெட்கப்படுவார். அதற்குக்கூட அவள் மனதில் ஒரு மூலையில் இடம் வைத்திருந்தாள்.

அப்பா எதுவும் செய்யவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல படம்" என்றார். சாப்பிட்டார். தூங்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம் டைரக்டரம்மா அடுப்படியில் டீ கலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் சுற்று விழுந்தது. மெதுவாக, பூட்டுக்குள் ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்குவது கேட்கும்படி விழுந்தது. நீண்ட இடைவெளி. இரண்டாவது சுற்று. அம்மா துணிகளை ஒதுக்கினாள், முடியைச் சரிசெய்தாள், சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது சுற்று வரவில்லை.

டைரக்டரம்மா அடுப்படி வாசலுக்கு வந்தாள். கதவுக்கு அடியில் அப்பாவின் செருப்பு நிழல் அசையாமல் இருந்தது. அவர் வெளியே நின்று ரசித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மாவின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் தெரியாமல் செய்ததை இனிமேல் தெரிந்தே செய்வார், தினமும் செய்வார். சொல்லிக்கொடுத்தது யார்?

"ஆக்‌ஷன்!" என்றது கதவுக்கு வெளியே குரல். அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. சாவி திரும்பவில்லை.

அம்மா கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வைத்த சிரிப்பு வைத்தபடி இருந்தது, கன்னம் மட்டும் நடுங்கத் தொடங்கியிருந்தது. உதடு அசையாமல் பேசினாள்.

"கட் சொல்லுடி."