தீவனம் குறைந்த வாரம்

என் அண்ணனின் பால் ஆட்டுப் பண்ணையில் இப்போது கையால் தீவனம் வைப்பதில்லை. ஆடு தீவனப் பெட்டிக்குள் தலையை நீட்டினால் போதும்; கழுத்துப் பட்டையைப் படித்து எந்திரம் எந்த ஆடு என்று கண்டுபிடித்துவிடும். மேலே இருக்கும் பெரிய தொட்டியின் அடியில் ஒரு திருகு சுற்றும். அந்த ஆட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு விழும். தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பதைத் திரை சொல்லும். அண்ணனுக்கு அந்தத் திரை சொன்னால் வேதவாக்கு.

தொட்டியை நிரப்புவது என் வீட்டுக்காரர். அவர் கடை நொடித்த பிறகு பண்ணையை ஒட்டிய அறையில் குடியிருக்கிறோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் தொட்டி காலி. திரையோ பாதி இருக்கிறது என்றது. கறவைக் கொட்டகையில், வேலையாட்கள் முன்னாலேயே அண்ணன் கேட்டான்.

"மாப்பிள்ளை, மெஷின் பொய் சொல்லாது. மூட்டையெல்லாம் எங்க போச்சு?"

அவர் முகம் சுண்டிப்போனது. "எல்லாத்தையும் தொட்டியிலதான் கொட்டினேன் மச்சான்."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"

எனக்கு வந்ததே கோபம்! பால் வாளியை ணங்கென்று வைத்தேன்.

"அண்ணே, இன்னொரு வார்த்தை பேசினா நல்லா இருக்காது! பட்டினி கிடந்தாலும் என் புருஷன் அடுத்தவன் பொருளைத் தொடமாட்டார். உன் மெஷினைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

அண்ணன் ஆடுகள் பக்கம் திரும்பி நடந்தான். வேலைக்காரி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று மதியம் அவர் கொட்டகை கழுவப் போனதும் அறைக் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சட்டைப் பைகளைத் துழாவினேன். அவர் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, தீவனத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவி முகர்ந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சீ, நானும் ஒரு பெண்டாட்டியா என்று இருந்தது. ஆனாலும் நெருப்பில்லாமல் புகையுமா என்று மனசு அது பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

இன்று காலை எந்திரத்தை மாட்டிய மெக்கானிக் வந்தார். திருகுக்கு அடியில் வாளியைப் பிடித்து, ஒரு பங்கு விழவைத்து, தராசில் வைத்தார்.

"தீவனத்தை மாத்தினீங்களா?"

"ஆமா, போன மாசம். இது கொஞ்சம் பொடிசா இருக்கும்," என்றான் அண்ணன்.

"மாத்தினா எடை போட்டு மெஷினுக்குச் சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! இது எடை பாக்காது, சுத்தைத்தான் எண்ணும். பொடிசா இருந்தா ஒரு சுத்துக்கு அதிகமா விழும். காணாம போனதெல்லாம் உங்க ஆடுங்க வயித்துலதான் இருக்கு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அண்ணன் அதே வேலையாட்கள் முன்னால் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"விடுங்க மச்சான்." அவர் என் பக்கம் வந்து என் கையைப் பிடித்தார். "எல்லாரும் என்னைத் திருடனாப் பாத்தப்போ இவ ஒருத்தி நம்பினா. அது போதும் எனக்கு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "கொடுத்து வெச்சவருங்க நீங்க," என்றாள் வேலைக்காரி. மெக்கானிக்கும் தலையாட்டினார். அவர்கள் புகழப் புகழ மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நானும் தேடினேங்க," என்றேன். "கட்டிலுக்கு அடியில. உங்க வண்டிப் பெட்டியில."

அவர் என் கையை மெல்ல விட்டார்.

"ஆட்டுக்கெல்லாம் வயிறு உப்பியிருக்கான்னு பாக்கணும்," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.