முன்சீட்டு ஆடு

ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் முன்சீட்டு என்றால் லேசுப்பட்டதல்ல. சிலமலையில் அது கங்காணிக்கு என்றே விட்ட இடம். எண்பத்திரண்டில் ஒருநாள் டிரைவர் சோலைமலை அந்த இடத்தில் ஓர் ஆட்டை ஏற்றிவிட்டு, கங்காணி காசிமாயனைப் பின்னால் தொற்றிக்கொண்டு வரச் சொன்னான். போடிமெட்டு வரைக்கும் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. அன்று மலையிறங்கியதுமே காசிமாயன் அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய அக்கா ராமுத்தாய் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். இருப்பது ஒரே தம்பி. வெட்டினால் ஜெயில், வெட்டுப்பட்டால் சுடுகாடு. எப்படிப் பார்த்தாலும் இழப்பு அவளுக்குத்தான்.

அந்த வாரம் பார்த்து, வெட்டுக்குத்தைத் தடுக்க ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுக்கும் சந்திரவல்லி டீச்சர் மதுரையிலிருந்து வந்தார். ஊர்ப் பெண்களைக் கூட்டி, சாவடிச் சுவரில் சாக்பீஸால் ஒன்றைச் சுற்றி ஒன்றாக மூன்று வட்டம் போட்டார்.

"வெட்டுக்குத்து திடீர்னு வர்றதில்ல. நடுவுல இருக்கிறவன் கை ஓங்குறவன். அடுத்த வட்டம், அவனைத் தூண்டி விடுறவங்க. வெளிவட்டம், அவன் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவானோ அவங்க. போலீஸ் வர்றது ரத்தம் சிந்துன பிறகு. அதுக்கு முன்னாடியே இந்த ரெண்டு வட்டத்தையும் சரி பண்ணிட்டா, ஓங்குன கை தானா இறங்கிரும்."

"தூண்டி விடுறது டீக்கடையில குந்தியிருக்கிற அஞ்சு பேருதான் டீச்சர். எழுதுங்க" என்றாள் ராமுத்தாய். டீச்சர் இரண்டாம் வட்டத்தில் எழுதி முடித்ததும் அவள் நேரே டீக்கடைக்குப் போய் அந்த ஐந்து பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு நிம்மதியாக வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சோறு போட்டாள்.

"யாரு பேச்சைக் கேட்டுடா இப்படி அலையுற?"

காசிமாயன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "என்னக்கா இப்படிக் கேக்குற? ஆட்டுக்குக் கீழ போயிட்டியே, உனக்கெதுக்கு மீசைன்னு சோறு போடுறப்பல்லாம் கேட்டது நீதான?"

ராமுத்தாய் அகப்பையைச் சட்டியில் வைத்தாள். கேட்டது வாஸ்தவம். தம்பி மேலிருந்த பாசத்தில், ஆதங்கத்தில் கேட்டாள். ஆனால் கேட்டாள்.

விடியக்காலையில் ஜீப் வந்தது. காசிமாயன் தோள் துண்டுக்குள் அரிவாள் இருந்தது. ஜீப்பில் ஏறியிருந்த அத்தனை பேர் முன்னாலும் ராமுத்தாய் குறுக்கே போய் நின்றாள்.

"டேய் தம்பி! மீசையப் பத்தி நான் பேசுனது தப்பு. ஊரறிய சொல்றேன், அந்தப் பேச்ச நானே திருப்பி எடுத்துக்கிறேன்." சொல்லிவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினாள். "ஏப்பா சோலைமலை, அந்த ஆட்டை எதுக்கு முன்னாடி ஏத்துன?"

"நெறசினை ஆத்தா. பின்னாடி போட்டா கொண்டைஊசி வளைவுல குலுங்கியே குட்டி செத்துரும்."

ஆடு வளர்த்த காசிமாயனால் இதற்கு மேல் முறைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்கண்ணே கேட்டீக?"

ஜீப்பே சிரித்தது. இந்தத் தடவை காசிமாயனும் சேர்ந்து சிரித்தான். "குட்டி எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே துண்டோடு அரிவாளை அக்காவிடம் கொடுத்துவிட்டு முன்சீட்டில் ஏறினான்.

ராமுத்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே சாவடிக்கு வந்தாள்.

"டீச்சர், அந்த அஞ்சு பேருக்கு மேல எம்பேரை எழுதுங்க."

சந்திரவல்லி சாக்பீஸை எடுத்தார். "எந்த வட்டத்துல?"

"ரெண்டுலயும்."