அம்பாப் பாட்டில் ஆங்கிலம்

சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் பாலசிங்கத்திற்குத் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு வேலை கிடைக்கும்போல் இருந்தது. திமிங்கிலம் பார்க்க வருவோரை ஏற்றிச்செல்லும் படகில் உதவியாள் வேலை. வலையில் மீன் படாத நாளிலும் அடுப்பு எரியும். ஆனால், ஆங்கிலம் தெரிய வேண்டும்.

படகின் மேலாளர் துஷாந்தி ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, பாடமாக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். எந்தச் சொல்லை யாரிடம், எதற்காகச் சொல்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. செங்கல்லைக் குவித்துவிட்டு அதற்கு வீடென்று பெயரிடுவதும் இக்காலத்தில் கற்பித்தல் ஆகிவிட்டது!

பாலசிங்கம் தனக்குத் தெரிந்த வழியில் படித்தான். வலை இழுக்கையில் பாடும் அம்பாவில், முன்கயிற்றில் நின்ற தனுசன் பட்டியலின் ஒரு சொல்லை எடுத்துக்கொடுப்பான். மற்றவர்கள் அடுத்த சொல்லைச் சேர்ந்து சொல்லிக் கயிற்றை இழுப்பார்கள். மீன் சேரும் வலையின் மடி கரையேறுமுன் பட்டியல் முடிந்துவிடும்.

சோதனையன்று துஷாந்தி மிதவை அங்கியொன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்கு இங்கிலிசில என்ன அண்ணை?"

சொல் உள்ளே இருந்தது. முந்திய சொல்லை யாராவது எடுத்துக்கொடுத்தாலன்றி அது வெளியே வர மறுத்தது. அவனுடைய கைகள், அங்கே இல்லாத கயிற்றை இழுக்கத் தொடங்கின.

"போட்... றோப்... வேவ்... லைஃப் ஜக்கற்."

"நல்ல கதைதான். கடலுக்க ஆள் விழுந்தா, நீங்கள் பாடி முடியுமட்டும் அந்தாள் மிதக்கோணுமோ?"

"விழுந்தா நான் பாடமாட்டன், தங்கச்சி. பாய்ஞ்சு தூக்குவன்."

"தூக்கின பிறகு என்ன சொல்லுவீங்கள்?"

பாலசிங்கம் யோசித்தான். பட்டியல் முழுவதும் மனத்தில் ஓடி முடிந்தது.

"பயப்படாதேங்கோ எண்டு சொல்லோணும். அதுக்கு நீங்கள் இங்கிலிசு தரேல்லையே."

துஷாந்தி பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பொருள்களின் பெயர்களே இருந்தன. ஒரு மனிதனிடம் பேச ஒன்றுமில்லை. அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு, அவன் கேட்ட வசனத்தை நிதானமாகச் சொன்னாள். அவன் ஒரே தடவையில் திருப்பிச் சொன்னான்.

"நாளைக்கு விடிய ஏறுங்கோ. மிச்ச வசனங்களைப் போற வழியில சொல்லித்தாறன்."

"ஆர் வருகினம்?"

"ஒரு பிரெஞ்சுக் குடும்பம். அவைக்கும் இங்கிலிசு அரைகுறைதான்."

"அப்ப ரெண்டு பக்கமும் சரிசமம்," என்றான் பாலசிங்கம்.