படங்களின் முதுகில்

"எங்கேருந்து எடுத்ததுன்னு ஒரு படத்துக்கு அடியிலயும் காணோமே, ஹம்சினி?"

பேராசிரியர் கஸ்தூரிரங்கன் புரட்டுவதை நிறுத்தினார். அடையாறில் அவர் வீடு. மணி பதினொன்று. கோயில் சிற்பங்களின் கொண்டை அலங்காரத்தைப் பற்றி ஹம்சினி ஏழு வருஷம் உழைத்த ஆய்வேடு அது. எழுத்தை அவர் முன்பே பார்த்தாயிற்று. படங்கள் ஒட்டி வந்தது இன்றுதான். மூன்றாம் முறை வாங்கிய கெடு மாலை ஐந்துக்கு முடிகிறது. அவர் கையெழுத்தில்லாமல் பல்கலைக்கழகத்தில் தொடமாட்டார்கள்.

"எழுதியிருக்கேன் சார். யார் எடுத்தது, எந்தப் புஸ்தகம், எந்தப் பக்கம்... எல்லாம் படத்துக்குப் பின்னாடி..."

பாதியிலேயே அவளுக்கு உறைத்தது. நாற்பத்தொரு படமும் தாளோடு ஒட்டியாகிவிட்டது.

"வேற எங்கயும் குறிச்சு வச்சுக்கலையா?"

"இல்லை சார்."

"நாலு மணிக்குள்ள சரி பண்ணிண்டு வா."

ஆட்டோ பிடித்து மேற்கு மாம்பலம் பறந்தாள். படங்களை ஒட்டிக்கொடுத்த பைண்டிங் கடைக் கனகராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பிரிக்கணுமா? இன்னாம்மா, வெளாடுறியா? மைதாவுல, பூச்சி அரிக்காம மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. நான் பூட்டாலும் அது போவாது."

ஒரு படத்தை மட்டும் ஆவியில் காட்டி, கத்தியால் நெம்பினார். முகம் தோல் மாதிரி உரிந்து வந்தது. முதுகு தாளிலேயே நின்றது. அதன்மேல் அவள் பேனா மை நீலமாய்க் கரைந்து ஓடியிருந்தது.

கனகராஜ் உரிந்ததைத் திரும்ப ஒட்டினார்.

யோசித்து யோசித்துப் பதினோரு படங்கள் எங்கிருந்து எடுத்தவை என்று கண்டுபிடித்து எழுதினாள். மீதி முப்பது? எந்த நூலகம், எந்த வருஷம்?

"எதுனா ஒண்ணு எய்திட்டுப் போம்மா. எவன் பாக்கப் போறான்?"

மணி மூன்று. ஹம்சினி முப்பது படங்களுக்கு அடியிலும் குட்டி எழுத்தில் எழுதினாள்: 'சொந்தச் சேகரிப்பு.'

நாலடிக்க ஐந்து நிமிஷம். கஸ்தூரிரங்கன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். இருபத்துமூன்றாம் படத்தில் நின்றார்.

"இது உன் சொந்தச் சேகரிப்பா?"

"ஆமாம் சார்."

"எழுபத்தொண்ணுல நான் எடுத்தது. ஆட்டம் காணற ஏணி மேல நின்னுண்டு."

ஹம்சினிக்கு அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேனாவை மூடினார்.

"இது பொய்னா, மத்த இருபத்தொம்போதை நான் எப்படிம்மா நம்பறது?"

"அந்த முப்பதையும் கிழிச்சு எடுத்துடறேன் சார்!"

"கொண்டையைப் பத்தி எழுதிட்டுத் தலையே இல்லாம குடுக்கப் போறியா?"

அவர் சிரிக்கவில்லை. ஆய்வேட்டை மூடி அவள் மடியில் வைத்தார்.

பல்கலைக்கழகத்தில் ஐந்து மணிக்கு ஆய்வேடு வாங்கும் ஜன்னலை இழுத்துச் சாத்தியபோது, ஹம்சினி அடையாறு பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். இரண்டு பஸ் வந்து போயிற்று. ஏறவில்லை.