வேன் புறப்பட்ட காலை

மடவளையில் வெளிநாடு போகிறவர்கள் படியிறங்குமுன் வீட்டில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். "பொருந்திக்கொள்ளுங்க" என்றால், "பொருந்திட்டேன்" என்று பதில் வரவேண்டும். மனம் நொந்தவர்தான் மன்னிக்க வேண்டும். இறைவனும் அதை அவரிடமே விட்டிருக்கிறான்.

அண்ணன் ஸாகி நானா கட்டாருக்குப் போனபோது, பஸீஹா அவரோடு பேசி ஒரு மாதமாகியிருந்தது. கண்டி டவுனில் மாலை வகுப்புக்குப் போகக்கூடாதென்று மறித்தவர் அவர்தான். ஆனாலும் வேனடியில், தூறலில், அவள் தலையில் அவர் கைவைத்துக் கேட்டதும் தான் அழுதுகொண்டே பொருந்தியதும் அவளுக்கு நன்றாக ஞாபகம். சட்டையின் அத்தர் வாசம்கூட. போய் ஐந்தாம் மாதம் அவர் அங்கேயே விபத்தில் மவுத்தானார். பிறகு அதே வகுப்பில் சேர்ந்து நாட்குறிப்பு எழுதப் பழகியபோது, அவள் முதலில் எழுதியது அந்தக் காலையைத்தான், எத்தனை மணி என்பதுவரை. வாசிக்க வாசிக்க அது இன்னும் உண்மையானது.

போன வெள்ளிக்கிழமை மாமா மகன் நபீல், பழைய போனில் கிடந்த வீடியோவொன்றை அனுப்பினான். வாசலில் நல்ல வெயில். நானா கைவைத்தது தங்கை நுஸ்ஹாவின் தலையில். பஸீஹா எங்குமே இல்லை. வேறொரு நாளாக இருக்குமோ என்று ஏழு தடவை பார்த்தாள். அதே வேன், அதே பெட்டி. மவுத்துக்குப் பிறகு நாற்பது நாளும் பஸீஹாவின் பக்கத்தில் படுத்து, நானா தன் தலையில் கைவைத்த கதையைச் சொல்லிச் சொல்லி அழுதவள் நுஸ்ஹாதான்.

அடுப்படியில் உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தக் காலையில் தான் எங்கே நின்றேன் என்று பஸீஹா கேட்டதும் உம்மாவின் கை நின்றது.

"நீ கதவத் தொறக்கல்ல மகள். அவன் மூணு தரம் தட்டினான்."

"நான் எழுதி வாசிக்கக்குள்ள ஏன் உம்மா ஒண்டும் செல்லல்ல?"

"அதச் செல்லித்தானே நீ சோறு தின்னத் தொடங்கின. நான் எப்புடி மறிக்கிற?"

அப்படியானால் நானா மன்னிப்பில்லாமலா போனார் என்று அவள் கேட்குமுன், உம்மா தானாகவே சொன்னார். வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தானாம். நானா படியிறங்க மனமில்லாமல் நின்றாராம்.

"நான் உள்ளுக்குப் போய் வந்து, நீ பொருந்திட்டண்டு பொய் சென்னேன். அவன் சிரிச்சிக்கிட்டு ஏறினான். எனக்கு நல்லா ஞாபகம்."

உம்மா இன்னும் வீடியோவைப் பார்க்கவில்லை. அதில் நானா சிரிக்கவில்லை. ஏறுமுன் பஸீஹாவின் அறை ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறார், வெகுநேரம். பிறகு குனிந்து ஏறுகிறார்.

"ஓம் உம்மா," என்றாள் பஸீஹா. "சிரிச்சார்தான்."