நீச்சல்குளத்து வாசனை

நான் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு ஜனவரியில் மூடுபனி அப்படிக் கட்டியாக இறங்கியது. துவைத்த சட்டையைக் காயப்போடலாம் என்று வெளியே வந்தால் கொடி இருக்கிற இடம் தெரியவில்லை. சரி என்று பனியின் மேலேயே விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடித்தேன். வெயில் வந்து பனி நகர்ந்தபோது சட்டையும் கூடவே நகர்ந்துவிட்டது. நான் பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அது எனக்கு முன்னால் போய் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கையெழுத்து விஷயத்தை நான் நம்பவில்லை. மற்றதெல்லாம் உண்மை.

இந்தக் கதையை கௌதமனுக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். என் கொழுந்தியாள் கோமளாவின் ஒரே பையன். டில்லியில் பிறந்த பிள்ளை. தமிழ் பேசும்போது நடுவில் இந்தி எட்டிப் பார்க்கும். கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்.

"பெரியப்பா, அந்த ஷர்ட் வாபஸ் கிடைச்சுதா?"

கிடைத்தது என்பேன். எங்கே என்பான். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் கிடைக்கும். ஒரு தடவை சாணக்யபுரியில் ஏதோ ஒரு தேசத்துத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தில். ஒரு தடவை புசா ரோட்டில் பால்காரன் உடம்பில். அதற்குள் சமையலறையிலிருந்து கோமளாவின் குரல் வந்துவிடும்: "அத்தான், அளக்காதிய."

நான் சொல்வேன், அவன் நம்புவான், அவள் நம்பமாட்டாள். மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

என் மனைவி, அதாவது கோமளாவின் அக்கா, போன பிறகு என்னைத் தங்கள் வீட்டு மாடிக்குக் கூட்டிவந்தார்கள். சத்தர்பூர் பக்கம் வீடு. கோமளாவின் கணவர் ஜெயபால் எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். திருநெல்வேலியிலிருந்து வந்து நன்றாகச் சம்பாதித்த மனுஷர். பையன் பள்ளிக்கூடத்தில் நீச்சலில் கோப்பை வாங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல்குளமே கட்டிவிட்டார். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது. வீட்டுக்குப் போர்வெல் போதும். குளத்துக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வரும். அதில் இறங்கியது கௌதமன் ஒருத்தன்தான். ஜெயபாலுக்கு நீச்சல் தெரியாது. கோமளாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். எனக்கு நீச்சல் தெரியும் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் இறங்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் கௌதமன் குர்காவ் ஆபீசுக்குக் கிளம்புமுன் தினமும் நீந்துவான். ஈரத்தலையோடு வந்து நின்றுகொண்டே இட்லி தின்பான். கோமளா துண்டை எடுத்துவந்தால், இருபத்தாறு வயசுப் பிள்ளை, அவளுக்கு எட்டட்டும் என்று குனிந்து கொடுப்பான். அவன் தலையில் அந்தக் குளத்து வாசனை இருக்கும். ஆஸ்பத்திரியும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்தமாதிரி ஒரு நெடி. அவள் தலையைத் துடைத்துவிட்டு, தெரியாத மாதிரி ஒரு தடவை முகர்ந்துகொள்வாள்.

மே மாதம் அவன் போய்விட்டான். நீச்சல்குளம் என்றதும் கேட்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. மீன் மூழ்கினாலும் அவன் மூழ்கமாட்டான். மெஹ்ரோலி ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு லாரி இடித்தது. தண்ணீர் லாரி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கோமளா எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்தக் கேட்டுக்குள்ள இனிமே டேங்கர் வரக்கூடாது."

வரவில்லை. அதனால் குளத்தில் இருந்தது அவன் கடைசியாக நீந்திய தண்ணீர்தான்.

அவனுடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தாள். துண்டிலிருந்து வாசனை போய்விட்டது. தலையணை உறையிலும் போய்விட்டது. ஒரு நாள் விடிகாலையில் குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அது இருந்தது. பையன் ஊருக்குப் போகும்போதெல்லாம், "அம்மா, தினம் ஒரு கைப்பிடி பொடி போடு, மறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போவான். வெள்ளைப் பொடி, குளோரின். அதை டப்பாவிலிருந்து எடுத்து, பூப் போடுகிற மாதிரி ஒரு கைப்பிடி தூவினாள். மறுநாளும் தூவினாள். வாசனை குறையவில்லை, கொஞ்சம் கூடியது என்றுகூடச் சொல்லலாம். அதன் பிறகு அவள் காலைக் காபி அங்கேதான்.

ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் முதலில் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆனது. பிறகு சுவரோரம் பச்சை படர்ந்தது. அடுத்த வீட்டுக் குழந்தை ஷ்ரேயாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் கொசு ஒழிப்புக்காரர் வந்துவிட்டார். குளத்தைச் சுற்றி வழிகிற தண்ணீருக்கு ஒரு சின்னக் கால்வாய் உண்டு. அதில் கரண்டியை விட்டு ஒரு கரண்டி மொண்டு கோமளாவிடம் நீட்டினார். "தேக்கியே மாஜி," பாருங்கள் அம்மா என்றார். உள்ளே கொசுப்புழுக்கள் பொடிப்பொடியாக நெளிந்தன. கோமளா கரண்டியைப் பார்த்தாள், அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஜெயபால் மாடிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, தண்ணிய மாத்தவும் முடியாது. ஷாக் போடணும்னு கடைக்காரன் சொல்லுதான்."

ஷாக் என்றால் மின்சாரம் ஒன்றும் இல்லை. அதே பொடியைத்தான் ஒரே நேரத்தில் வாளிக் கணக்கில் கரைத்து ஊற்றுவது. தண்ணீரில் இருக்கிற அழுக்கு, பாசி, புழு எல்லாம் ஒரே ராத்திரியில் எரிந்துபோகும். பூல் கடைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஷாக்.

"போட வேண்டியதுதான்," என்றேன்.

"அவ அங்கயே உக்காந்திருக்கா. ஷாக் போட்டா அந்த வாசனை போயிருமா?"

நான் வேலை பார்த்தது சர்க்கார் தண்ணீர்ப் பரிசோதனை லேபில். "போயிரும்," என்றேன்.

"நெசமாவா, இல்ல வழக்கம்போலயா?"

"நெசமா."

ஜெயபால் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அப்ப போகாதுன்னு அவகிட்ட நீங்க சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் பொய் சொன்னா மூஞ்சி காட்டிக்குடுத்துரும். உங்களுக்குத்தான் அந்தத் தொந்தரவே கிடையாதே, அண்ணாச்சி."

வாழ்நாள் முழுவதும் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் பொய் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு காரியத்துக்காக என்னிடம் பொய் கேட்டு வந்தது அன்றுதான். ராத்திரி உட்கார்ந்து நல்ல உருண்டையான பொய்யாக ஒன்று தயார் செய்துகொண்டேன்.

காலையில் போனேன். கோமளா படியில் உட்கார்ந்திருந்தாள். பொடி தூவியாகிவிட்டது, கை வெள்ளையாக இருந்தது.

"என்ன அத்தான், நேத்து ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிட்டிருந்திய?"

"தண்ணிக்கு மருந்து போடணும் கோமளா. வாளிக் கணக்கில."

"போட்டா என்ன ஆகும்?"

பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் கையில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்தேன். என்னவோ வாய் குழறிவிட்டது.

"வாசனை போயிரும்," என்றேன்.

அவள் திரும்பினாள்.

"நீ நெனைக்கிற மாதிரி இது மருந்து வாசனை இல்ல. நீச்சல் அடிக்கிறவனோட வேர்வை, தலை எண்ணெய், தோலு எல்லாம் தண்ணியில நிக்கும். மருந்து அதோட சேந்து, வேலைய முடிக்காம பாதியில நின்னா இந்த வாசனை வரும். நீ ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியா போடுதியே, அதான் பாதியிலயே நிக்குது. மொத்தமாப் போட்டா எரிச்சு முடிச்சிரும். இதுல எறங்கினது அவன் ஒருத்தன்தானே. அப்ப இது அவன்தான், கோமளா. ஷாக் போட்டா அது போயிரும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே என்று நான் கைத்தடியைத் தேடுவதற்குள் சத்தம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

"ஒரு கைப்பிடிக்கே இம்புட்டு வாசனை வருது. ஒரு வாளி போட்டா வாசனையே இருக்காதாம். அத்தான், அளக்காதிய."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"பனியில சட்டை காயப்போட்ட ஆளுலா நீங்க." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க. நல்லா நெறையவே போடுங்க." பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, கேட்டியளா? ரெண்டு வாளியாப் போடச் சொல்லுதேன்."

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னாலும் இன்னொரு தடவை சிரித்திருப்பாள். ஜெயபால் கதவருகே வந்து நின்று என்னை நன்றியோடு பார்த்தார். அவ்வளவு நல்ல பொய்யை நான் சொன்னேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெயில் இருக்கும்போது போட்டால் பாதி மருந்தை வெயிலே தின்றுவிடும். அதனால் சூரியன் இறங்கும்வரை காத்திருந்து, ஜெயபால் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கரைத்து வைத்த வாளிகளைக் குளத்தைச் சுற்றி ஊற்றிக்கொண்டே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். தண்ணீரை வடிகட்டுகிற மோட்டார் ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான், எழும்பியது பாருங்கள் அந்த வாசனை. கண் எரிந்தது. கொய்யாமரத்தில் இருந்த கிளிகள் எல்லாம் கிளம்பிப் போய் ஜெய்ப்பூரில்தான் இறங்கின என்று கேள்வி.

கோமளா ஓடிவந்தாள். வாசற்படியில் நின்று நெஞ்சு நிறைய இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, எரிச்சலோ என்னவோ.

"பாத்தியளா அத்தான்? எங்க போச்சாம்?"

"பாத்தேன்."

"தலைய தொவட்டாம அப்பிடியே வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

"உள்ள போ, மூச்சு முட்டும்," என்றார் ஜெயபால். அவள் போனாள். ஆனால் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தாள். அது, எல்லாம் எரிந்துபோகும்போது கிளம்புகிற வாசனை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

மறுநாளெல்லாம் மோட்டார் ஓடியது. அதற்கடுத்த நாள் காலையில் நான் இறங்கி வந்தபோது, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அடியில் நீல ஓடு ஒவ்வொன்றாக எண்ணலாம். நான் எடுத்து ஒளித்ததாக ஜெயபால் சந்தேகப்பட்ட அவருடைய மூக்குக்கண்ணாடி ஆழத்தில் பத்திரமாகக் கிடந்தது. பச்சை இல்லை. புழு இல்லை. காற்றில் மழை வாசனையும், பக்கத்து வீட்டில் யாரோ பரோட்டா சுடுகிற வாசனையும் மட்டும் இருந்தன.

கோமளா டப்பாவோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கைப்பிடி தூவிவிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். எழுந்து இன்னொரு கைப்பிடி தூவினாள். டப்பாவையே மூக்கருகே கொண்டுபோனாள். அதில் மருந்துக் கடை வாசனைதான் இருந்தது. பிறகு படியில் மண்டி போட்டு, தண்ணீர் என்றால் பயப்படுகிறவள், இரண்டு கையாலும் மொண்டு முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

நான் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"அப்ப நீங்க சொன்னது நெசம்," என்றாள் கைக்குள்ளிருந்தே.

"ம்."

"இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ நெசம் சொன்னிய. அன்னைக்குப் போயி நான் சிரிச்சேன்."

உள்ளே ஜெயபால் போனில் யாரிடமோ, அச்சா, அச்சா, பானி ஏக்தம் சாஃப், தண்ணீர் படுசுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டது போலிருக்கிறது. பொம்மை ஒன்று கீச்கீச்சென்றது. கோமளா கையை இறக்கினாள். அடியில் தெரிந்த ஓடுகளைப் பார்த்தாள். மறுபடி தூவுவாளோ என்று நினைத்தேன். டப்பாவை மூடி என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அத்தான்."

"சொல்லு."

"அப்ப அந்தப் பனியில சட்டை காயப்போட்டது?"

"அதுவும் நெசம்தான்," என்றேன்.

இப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அவள் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சட்டை திரும்பக் கிடைச்சுதா?"

கொடிக்கம்பம் இருந்தது, பால்காரன் இருந்தான், இன்னும் எத்தனையோ இடம் கைவசம் இருந்தது.

"இல்ல கோமளா," என்றேன். "அது கிடைக்கல."